கட்டையில் கீறியது

லா சப்பல்
14 மார்ச் 2013

மதிப்புக்குரிய ரேமண்ட் ஐயா,

செவ்வாய்க்கிழமை நீங்கள் பழைய சாமான் திருத்தும் எங்கள் பட்டறைக்கு வந்தபோது ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். முதலாளி பிலிப் பக்கத்தில் நின்றார். இது உங்கள் வீட்டு விஷயம் என்று பட்டது. போனில் உங்களுக்குச் சரியாகக் கேட்காது என்பதால் எழுதுகிறேன்.

உங்கள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சுமந்த துவக்கின் மரக்கட்டையில் கறுப்பு மெழுகு தடிப்பாகப் படிந்திருந்தது. அதைக் கழுவினேன். அடியில் கீறியிருக்கிறது, கத்தி முனையால். விடவா, எடுக்கவா?

அன்புடன்,
கஜனி

*

சார்செல்
19 மார்ச் 2013

அன்புள்ள கஜனிம்மா,

உன் லெத்தர் கெடச்சுது. துவக்குன்னு படிச்சதும், எதையோ ஆரம்பிக்கச் சொல்றியாக்கும்னு ரெண்டு தடவ பாத்தேன். எங்க பாண்டிச்சேரில அது துப்பாக்கிம்மா. உங்க யாழ்ப்பாணத் தமிழுக்கு ஒரு திக்சியோனேர் வாங்கணும் போல.

கீறலையெல்லாம் எடுத்துடு. ஒண்ணுகூட தெரியக்கூடாது, பாக்க அசிங்கமா இருக்கும். வீட்டு சாலோன் சுவத்துல மாட்டப் போறேன். அப்பா எனக்கு விட்டுட்டுப் போனது அது ஒண்ணுதான்.

ரேமண்ட்

*

லா சப்பல்
6 ஏப்ரல் 2013

ஐயா,

வேலை முடிந்தது. கண்ணாடித் துண்டால் சுரண்டி எடுத்து, ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையால் ஏழு தரம் தேய்த்தேன். பழைய சாமானில் ஆட்கள் வைத்த அடையாளத்தைத் தொடக்கூடாது என்று பிலிப் ஏசினார். நீங்கள் கேட்டது என்று சொன்னேன்.

எனக்கு மனம் வரவில்லை. இரண்டு கிழமை அந்த முகத்தைத் துணியால் மூடி வைத்திருந்தேன், இடைக்கிடை விலக்கிப் பார்த்தபடி. ஏன் என்று மட்டும் உங்களிடம் கேட்கவில்லை. யுத்தம் முடிந்த 2009 மே மாதம் அம்மா, இயக்கத்துக்குப் போன என் அண்ணனின் படத்தைக் குசினி அடுப்பில் எரித்தார். துவக்கோடு நின்ற படம். வேறு படம் எங்களிடம் இல்லை. ஏன் என்று கேட்டேன். “கேளாதை பிள்ளை” என்றார். அதற்குப் பிறகு நான் யாரிடமும் எதையும் கேட்பதில்லை.

அந்தப் பெண்ணை உங்கள் அப்பா மிக வடிவாகக் கீறியிருந்தார். கீழே ‘ம’ என்று ஓர் எழுத்தும் இருந்தது.

கஜனி

*

சார்செல்
11 ஏப்ரல் 2013

கஜனி,

எந்தப் பொண்ணு? எந்த முகம்?

கீறல்னா எங்களுக்கு ஆணி பட்ட கோடு. படத்த வரையறதுன்னுதான் சொல்லுவோம். கீழ்வீட்டு தில்லையம்பலம் உங்க ஊர்க்காரர். அவர்கிட்ட உன் லெத்தரக் காட்டினேன். “ஓம், படத்தை நாங்கள் கீறுறது எண்டுதான் சொல்லுவம்”னார்.

எங்கம்மா பேர் மர்கரீத். என்னப் பெத்த மறுநாளே போயிட்டாங்க. போட்டோ கெடையாது. எழுபத்தஞ்சு வயசாகுது, எனக்கு அம்மா முகம் தெரியாது.

நீ ரெண்டு வாரம் பாத்திருக்க. தாள்ல வரைஞ்சு அனுப்பு. உன்மேல கோவமில்ல. கோவமில்லன்னு எழுதறதுக்குள்ள ரெண்டு தாளக் கிழிச்சுப் போட்டேன்.

ரேமண்ட்

*

லா சப்பல்
2 மே 2013

ஐயா,

பதினொரு தாள் கீறினேன். எல்லாவற்றிலும் வேறு யாரோ வருகிறார்கள். ஒன்றில் என் அம்மா. ஒன்றில், பெண்ணுடைய கூந்தலோடு, அண்ணன். எதை அனுப்பியிருந்தாலும் நீங்கள் நம்பியிருப்பீர்கள். அதனால்தான் அனுப்ப முடியவில்லை.

இடது காதும் அதில் தொங்கிய வளையமும் மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும். அவற்றை மட்டும் கீறி இதோடு வைத்திருக்கிறேன். மிச்சத் தாள் வெறுமையாக இருக்கிறது.

ஏன் என்று ஒரு வரி எழுதிக் கேட்டிருக்க வேண்டும். மன்னித்துவிடுங்கள் என்று எழுதவும் கூச்சமாக இருக்கிறது.

கஜனி

*

லா சப்பல்
8 யூன் 2013

ஐயா,

இன்று உங்கள் மகன் தியரி வந்து துவக்கை எடுத்துக்கொண்டு போனார். தாள் கிடைத்ததா என்று கேட்டேன். கிடைத்தது, அப்பா பார்த்துவிட்டு மடித்து வைத்தார் என்றார். நீங்கள் கீழே காரில் இருப்பதாகவும் சொன்னார்.

யன்னலால் பார்த்தேன். முன் இருக்கையில் தொப்பியோடு இருந்தீர்கள். தியரி துவக்கைப் பின்னால் வைத்து மூடும்வரை நீங்கள் திரும்பவில்லை. நான் இறங்கி வரவில்லை.

கஜனி