வாறவைக்கு அடுக்கின விறகு

அன்பு நண்பனே,

இன்று காலை பாண் வாங்கலாம் என்று பெற்றோல் நிலையக் கடைக்குப் போனேன். வாசலில் விறகு மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். வலைப் பைகளுக்குள் பிர்க் மரத் துண்டுகள், வெள்ளைத் தோலோடு. மழை அப்போதுதான் விட்டிருந்தது. நனைந்த அந்தத் தோலின் மணம் மூக்கில் ஏறியதும் நான் வந்த வேலையை மறந்து நின்றுவிட்டேன். நீ இல்லாமல் வரும் முதல் குளிர்காலம் இது.

வைலே நகரத்துக்கு வெளியே நாம் வாடகைக்கு எடுத்த அந்தப் பழைய பண்ணை வீடு இப்போது இல்லை. இடித்துவிட்டார்கள். உனக்கு மன்னார், எனக்கு யாழ்ப்பாணம். டென்மார்க்குக்கு வந்த புதிதில் டேனிஷ் வகுப்பில் ஒரே வாங்கில் இருந்த பழக்கத்தில் சேர்ந்து எடுத்த வீடு. இரண்டு பேருக்கும் ஒரே கணக்குத்தான். மனைவி பிள்ளைகளைக் கூப்பிட விண்ணப்பித்திருந்தோம். அவர்கள் வந்து இறங்கும்போது குடும்பத்துக்குப் போதுமான வீடு இருக்க வேண்டும். அந்த வீட்டில் அறைகள் இருந்தன, சூடு மட்டும் இல்லை. கூடத்தில் நின்ற இரும்பு விறகடுப்பு ஒன்றுதான் எல்லாவற்றுக்கும்.

முதல் குளிர்காலத்தை நினைத்தால் இப்போதும் கண் எரிகிறது. புயலில் விழுந்த பிர்க் மரங்களைப் பக்கத்து விவசாயி எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். வெட்டிய கையோடு அடுப்பில் வைத்தோம். அது எரியவில்லை, சீறியது. வெட்டு முகத்தில் தண்ணீர் நுரைத்து வழிந்தது. வீடெல்லாம் புகை. கோட்டைப் போட்டுக்கொண்டே சோறு தின்றோம். புகைபோக்கி துடைக்க வந்த மனிதர் உள்ளே படிந்திருந்த கரியைப் பார்த்துவிட்டு, இப்படியே எரித்தால் ஒருநாள் கூரையோடு பற்றும் என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

எனக்கு அவமானமாக இருந்தது. உனக்கு அது ஒரு கேள்வியாக இருந்தது. மறுநாளே அந்த விவசாயியிடம் போய் நின்றாய். மன்னாரில் தபாற்கந்தோரில் வேலை செய்தவன் நீ, கோடாலி பிடித்துப் பழக்கமில்லாதவன். தெரியாததைக் கேட்க நீ ஒருநாளும் கூச்சப்பட்டதில்லை. திரும்பி வந்து எனக்கு விளங்கப்படுத்தினாய்.

"இந்த மரத்தின்ரை தோல் தண்ணியை வெளியிலை விடாது மச்சான். முழுசாக் கிடந்தா உள்ளுக்கை உக்கிப் போயிடும். குளிர் காலத்திலையே வெட்டிப் பிளந்து, காத்துப் படுற மாதிரி அடுக்க வேணும். ஒரு கோடை காயோணும்."

"ஒரு கோடையோ? அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் கோட்டைப் போட்டுக்கொண்டு தின்னுவம்."

அந்த மாசி மாதத்திலேயே பிளக்கத் தொடங்கினாய். கொட்டிலின் தெற்குச் சுவரோடு, நிலத்தில் படாமல் கீழே கட்டைகள் வைத்து, மேலே தகரம் போட்டு அடுக்கினாய். அடுக்கு கூரைத் தாழ்வாரத்தைத் தொட்டது. நான் சிரித்தேன்.

"ரெண்டு பேருக்கு இவ்வளவு விறகே?"

"எங்களுக்கு ஆர் அடுக்கினது? வாறவைக்கு."

அடுத்த குளிர்காலத்தில் அந்த அடுப்பு வேறு அடுப்பானது. உரித்த தோலில் ஒரு நெருப்புக்குச்சி வைத்தால் போதும், எண்ணெய் ஊற்றியதுபோல் பற்றும். சுவாலை வெளிச்சமாக எழும்பும், புகை இல்லை. கூடத்தின் சூடு படிப்படியாக மேல் அறைகளுக்கும் போனது. ஆட்கள் இல்லாத அந்த அறைகளின் கதவுகளை நீ திறந்தே வைத்தாய். பூட்டி வைத்தால் சுவர் ஈரம் பிடிக்கும் என்று காரணம் சொன்னாய். அது மட்டும்தான் காரணம் என்று நான் நம்பவில்லை.

விண்ணப்பங்களுக்குப் பதில்தான் வரவில்லை. ஊரில் சண்டை இறுகிக்கொண்டே போனது. குடிவரவு அலுவலகத்தில் கேட்டால் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றார்கள். மற்ற நகரங்களில் இருந்த எங்கள் ஆட்களுக்கும் அதே பதில். மேலிடத்தில் எங்கள் விண்ணப்பங்களை வேண்டுமென்றே தொடாமல் வைத்திருந்தார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. தமிழர் வழக்கு என்று இந்த நாடே பின்னர் அதைப் பேசியது. அன்று எங்களுக்குத் தெரிந்தது காத்திருப்பு மட்டும்தான்.

ஒரு பகல் அந்த விவசாயி வயலைக் குறுக்கறுத்து வேகமாக வந்தார். எங்கள் வீட்டில் தொலைபேசி இல்லை, அவர் வீட்டு இலக்கத்தைத்தான் கொடுத்திருந்தோம். லண்டனிலிருந்து உன் தமையன் அழைத்திருந்தார். நீ போய்த் திரும்பி வந்து கதவடியில் நின்றாய்.

"அவ போயிட்டா மச்சான். வயித்துக்குத்தாம். ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகப் பாதை விடேல்லையாம்."

மகள் அம்மம்மாவோடு இருக்கிறாள் என்று பிறகு சொன்னாய். அந்தக் கிழமை முழுவதும் அடுப்பை நான்தான் மூட்டினேன். பிறகு ஒரு காலை கொட்டில் பக்கம் கோடாலிச் சத்தம் கேட்டது. வெளியே ஓடினேன். நீ புது மரத்தைப் பிளந்துகொண்டிருந்தாய். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாய்: "பிள்ளை வருவாள்தானே."

அதற்கு அடுத்த மாதம் நூலக மண்டபத்தில் ஒரு கூட்டம். அகதிகளைப் பற்றிக் கதைக்க ஓர் அரசியல்வாதி வந்திருந்தார். எங்கள் ஆட்கள் பின்வரிசையில் இருந்தோம். வாய் திறந்தால் இருக்கிற விண்ணப்பமும் கெட்டுவிடும் என்று எல்லோருக்கும் பயம். குடும்பத்தைக் கூப்பிட விரும்புகிறவர்கள் முதலில் இங்கே ஓர் ஒழுங்கான வீட்டை உண்டாக்கிக்கொள்ள வேண்டாமா என்று அவர் கேட்டார். நீ எழும்பினாய். பக்கத்தில் இருந்தவர் உன் கையைப் பிடித்து இழுத்தார்.

"பேசாமல் இரும். உம்மடை பிள்ளையின்ரை விசயமும் பிழைச்சுப் போம்."

நீ கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாய். வகுப்பில் படித்த டேனிஷில், சொல் சொல்லாக, நீ சொன்னதைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்: "எனக்கு வீடு இருக்கிறது. விறகு இருக்கிறது. குளிர்காலம் முழுவதும் எல்லா அறைகளும் சூடாக இருக்கின்றன. என் மனைவி வரவில்லை. போன மாதம் இறந்துவிட்டாள். வரலாம் என்றும் நீங்கள் சொல்லவில்லை, வரக்கூடாது என்றும் சொல்லவில்லை."

பிறகு இருந்துவிட்டாய். அந்த அரசியல்வாதி தண்ணீர்க் கோப்பையை எடுத்தார், குடிக்காமல் வைத்தார். முன்வரிசையில் இருந்த ஒரு டேனிஷ் பெண் எழும்பி வந்து உன் பக்கத்து வெற்று நாற்காலியில் இருந்தார். கூட்டம் முடியும்வரை அங்கேயே இருந்தார்.

உன் பேச்சால்தான் கதவு திறந்தது என்று எழுதினால் நீயே சம்மதிக்கமாட்டாய். எத்தனையோ பேர் கேட்டார்கள், எத்தனையோ பேர் எழுதினார்கள். கடைசியில் அனுமதிகள் வரத் தொடங்கின. முதலில் என் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் வந்தது. கோப்பன்ஹேகன் விமான நிலையத்துக்குப் போய் அவர்களைக் கூட்டிக்கொண்டு நான் வந்தபோது வெளியே பனி. வீட்டுக்குள் நல்ல சூடு. அடுப்புக்குப் பக்கத்தில் விறகு குவிந்திருந்தது. உன் அறை வெறுமையாக இருந்தது. பிள்ளைகளுக்கு இடம் வேண்டும் என்று நீ நகரத்தில் ஒரு சின்ன அறைக்குப் போய்விட்டாய், எனக்கு ஒரு சொல் சொல்லாமல்.

"வெளியிலை பார்க்கப் பயமாக் கிடந்தது. உள்ளுக்கை எங்கடை ஊர் மாதிரி எல்லே இருக்கு," என்றாள் என் மனைவி.

மாதங்கள் கழித்து உன் மகள் வந்தாள். கைக்குழந்தையாக விட்டுவந்த பிள்ளை, உன்னைத் தெரியாது. என் மனைவியின் சேலையைப் பிடித்துக்கொண்டு உன்னிடம் வர மறுத்தாள். நீ வற்புறுத்தவில்லை. "பழகட்டும்" என்று எங்களிடமே விட்டாய். தினமும் விடிந்ததும் சைக்கிளில் வந்து, அடுப்பை மூட்டி, அவள் எழும்பி வரும்போது கூடம் சூடாக இருக்கும்படி பார்த்துக்கொண்டு, வேலைக்குப் போனாய். அவள் படியில் இருந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நீ திரும்பிப் பார்க்கமாட்டாய். ஒரு காலை கீழே இறங்கி வந்து உன் பக்கத்தில் குந்தினாள்.

"அப்பா, நான் தோலை உரிக்கட்டே?"

நீ ஒரு துண்டை எடுத்து அவள் கையில் கொடுத்தாய். நான் குசினிக்குள் போய்விட்டேன்.

எங்கள் விண்ணப்பங்களை அமுக்கி வைத்த விவகாரத்தால் அரசாங்கம் பதவி விலகிய நாளில், நாம் வேலை செய்த தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில் எல்லோரும் தொலைக்காட்சிக்கு முன்னால் நின்றார்கள். உனக்குச் சந்தோசமா என்று ஒரு டேனிஷ்காரர் உன்னைக் கேட்டார். "நேரத்துக்குப் பதில் சொல்லியிருந்தாப் போதும்," என்று என்னிடம் தமிழில் சொல்லிவிட்டு, அவரிடம் டேனிஷில் "இல்லை" என்று மட்டும் சொன்னாய்.

பிறகு உனக்கும் மகளுக்கும் நகரத்தில் ஒரு வீடு கிடைத்தது, குழாயில் சுடுநீர் வந்து அறைகளைச் சூடாக்கும் வீடு. விறகடுப்பு இல்லாதது உனக்குக் கவலையில்லையா என்று ஒருமுறை கேட்டேன். "என்ன கதை இது? முதுகு நோவு போச்சு," என்றாய். அப்படித்தான் நீ. ஆட்களுக்காகச் செய்தாய். ஆட்கள் வந்தார்கள், இரவல் வாங்கிய கோடாலியை அந்த விவசாயியிடமே கொடுத்துவிட்டாய்.

தொழிற்சாலையை விட்ட பிறகு, நான் ஓய்வுபெறும்வரை மாடிக்குடியிருப்பு ஒன்றில் பராமரிப்பு வேலை பார்த்தேன். ஆளில்லாத வீடுகளில் சூடாக்கியை அடைத்து வைப்பார்கள். புதிதாக யாராவது வருகிறார்கள் என்றால் முதல்நாளே போய் எல்லா அறைகளிலும் திறந்துவிடுவேன். யாரும் சொல்லிச் செய்ததில்லை. ஒருமுறை சிரியாவிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. வெளியே காது விறைக்கும் குளிர். நான் சாவியைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சின்ன மகன் உள்ளே ஓடினான், சப்பாத்தையும் காலுறையையும் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு அறை அறையாகப் போய்வந்தான். தாய் அவனைப் பிடிக்கப் போய், சூடேறியிருந்த சுவரில் கையை வைத்தவள், அப்படியே நின்றாள்.