முன்வாசல் வழியாக உன்னைப் பார்த்தோம்

கோர்டன் ஃபெரி, அலபாமா
ஆகஸ்ட் 18, 1964

என் அன்பு மகன் ரோஸ்கோவுக்கு அம்மா எழுதுவது.

ஆண்டவர் கிருபையில் இங்கே எல்லாரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அங்கே சளி காய்ச்சல் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. உன் தங்கை வெர்லீனுக்கு ஏழாம் மாதம், இந்த வெயிலில் கால் வீங்கி, செருப்பு எதுவும் நுழையாமல் உன் அப்பாவின் பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு திரிகிறாள், பெண் குழந்தைதான் என்று நான் சொல்கிறேன், அவள் கேட்பதாக இல்லை. பின்பக்கத்து பீச் மரம் கிளை ஒடிகிற அளவுக்குக் காய்த்தது, பாகு காய்ச்சிப் போட்டு வைத்த பீச் ஜாடிகளுக்கு அலமாரியில் இடமில்லை. இதையெல்லாம் எழுதவா உட்கார்ந்தேன், கை ஓடவில்லை மகனே, சனிக்கிழமையிலிருந்து எனக்குத் தரையில் கால் பாவவில்லை. உன்னைப் பார்த்துவிட்டேன். பெல் தியேட்டரில், திரை முழுக்க, நம் சபைக் கதவு உயரத்துக்கு உன் முகத்தைப் பார்த்துவிட்டேன்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். உன் படம் வருஷ ஆரம்பத்திலேயே பர்மிங்ஹாம் வரைக்கும் வந்துவிட்டது, நம் ஊருக்கு மட்டும் வரவில்லை. பெல் தியேட்டர் முதலாளி கல்பெப்பர், அந்த மாதிரிப் படமெல்லாம் இங்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகக் கேள்வி. பிறகு எங்கே பார்த்தாலும் அந்தப் படத்தைப் பற்றியே பேச்சாகிவிட்டது, வெள்ளைக்காரப் பெண்களே அடுத்த ஊருக்குக் கார் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள், அப்புறம் அவருக்கும் ஆசை வந்துவிட்டது போல. இரண்டு வாரத்துக்கு முன்னால் வாசலில் போஸ்டர் ஒட்டினார்கள். அதில் அந்தச் சின்னப் பெண்ணும் வக்கீலும்தான் பெரிதாக இருந்தார்கள், உன் முகம் இல்லை. அடியில் எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்தில் உன் பெயர் இருந்தது, ரோஸ்கோ டாலிவர் என்று, நம் குடும்பப் பெயரை மாற்றிக்கொள்ளாமல் வைத்திருக்கிறாயே, அதற்கே நான் நடுத்தெருவில் நின்று ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகர் ப்ரூயிட் எழுந்து, போன மாதம் வாஷிங்டனில் சட்டம் கையெழுத்தாகிவிட்டது, இனி தியேட்டரில் முன்வாசல் எல்லாருக்கும் பொது, நம் கறுப்பு ஜனம் சந்துப் படிக்கட்டேறி மேல்மாடியில் உட்கார வேண்டியதில்லை, ஆனால் யாராவது அந்த வாசலில் கால் வைக்கிறவரைக்கும் அது வெறும் காகிதம்தான், சனிக்கிழமை மத்தியான ஆட்டத்துக்கு என்னோடு யார் வருகிறீர்கள் என்று கேட்டார். சபையில் விசிறி ஆட்டுகிற கைகளெல்லாம் நின்றுவிட்டன. அவரவர் வேலை, அவரவர் வீடு, யாரைக் குறை சொல்ல முடியும். நான் எழுந்து நின்றேன். "என் மகனைப் பார்க்க நான் சந்துப் படிக்கட்டுல ஏறமாட்டேன் போதகரே, எனக்கு ஒரு இடம் போடுங்க" என்றேன். பக்கத்தில் உன் அப்பா பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்ததும்தான் வாயைத் திறந்தார். "அவன் மில் வேலையை விட்டுட்டு மூஞ்சியில சாயம் பூசிக்கப் போனான், அதைப் பார்க்க நான் என் வேலையையும் விடணுமா" என்றார். உன் வேலையைப் பற்றி நல்ல வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை என்பது உனக்குத் தெரியாததா. யாராவது மகன் என்ன செய்கிறான் என்று கேட்டால், கலிஃபோர்னியாவில் இருக்கிறான் என்பார், அதோடு சரி. ஆனால் சனிக்கிழமை மத்தியானம் நான் தொப்பியை ஊசி குத்திக்கொண்டு வெளியே வந்தால் மனுஷன் முகச்சவரம் செய்து, சபைக்குப் போடுகிற கோட்டைப் போட்டு, காரில் உட்கார்ந்திருக்கிறார். "வெயில் ஏறுது, வா" என்றார், அவ்வளவுதான்.

தியேட்டர் வாசலில் போதகரோடு சேர்த்து ஒரு கை விரலுக்குள் அடங்குகிற கூட்டம்தான் நாங்கள். எதிரே கடை வாசலில் ஆட்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், துணை ஷெரிஃப் ஒருவர் காரில் சாய்ந்து நின்றார். நம் தெருவின் பெர்லீன் காஸ் அக்காவும் வந்திருந்தாள், வந்தவள் எங்களைத் தாண்டி நேராகச் சந்துப் பக்கம் திரும்பினாள். என்னக்கா இது என்று கேட்டதற்கு, "கீழ உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா சாட்சி சொல்ல ஒருத்தி உசுரோட இருக்கணும்ல, நான் மேலேயே இருக்கேன்" என்றாள். அந்தப் பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டிக்கெட் சன்னலில் இருந்த பெண்ணுக்கு வெர்லீன் வயதுகூட இருக்காது. "ஆயா, உங்க வழி அந்தப் பக்கம்" என்றாள், கெட்ட எண்ணத்தில் சொன்னதாகத் தெரியவில்லை, பிறந்ததிலிருந்து அதைத்தானே சொல்லக் கேட்டிருப்பாள். போதகர் மெதுவாக, "எங்க வழி இதுதான் அம்மா, சட்டம் மாறிடுச்சு" என்றார். அவள் உள்ளே போய்க் கல்பெப்பரைக் கூட்டிவந்தாள். அவர் எங்களைப் பார்த்தார், துணை ஷெரிஃபைப் பார்த்தார், துணை ஷெரிஃப் வானத்தைப் பார்த்தார். கல்பெப்பர் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "குடுத்துத் தொலை" என்றார். அப்படித்தான் மகனே கோர்டன் ஃபெரியில் அந்த வாசல் திறந்தது, துதிப் பாட்டும் இல்லை தாரை தப்பட்டையும் இல்லை, குடுத்துத் தொலை.

உள்ளே நடுவரிசையில் உட்கார்ந்தோம். நாற்காலியெல்லாம் மெத்தை, உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது. எங்கள் வரிசையில் இருந்தவர்கள் எழுந்து வேறு பக்கம் போனார்கள், ஒரு குடும்பம் வெளியேயே போய்விட்டது. விளக்கு அணைந்ததும் பின்னாலிருந்து யாரோ கோலா டம்ளரிலிருந்த ஐஸை என் கழுத்தில் எறிந்தார்கள், சட்டைக்குள் ஓடியது, நான் திரும்பவில்லை, உன் அப்பா கைக்குட்டையை எடுத்து என் கையில் வைத்தார். அப்போதுதான் நீ வந்தாய். ஆறு, பனிமூட்டம், ஓடத்தின் கயிற்றை இழுத்துக்கொண்டு நீ. பேசவே இல்லை, அந்தச் சின்னப் பெண்ணைத் தூக்கி ஓடத்தில் வைக்கிறாய், வைத்துவிட்டு ஒரு சிரிப்பு. அதற்கப்புறம் ஐஸ் யார் ஞாபகத்தில் இருக்கிறது. இளைத்திருக்கிறாய், அது படத்துக்காகவா நிஜமாகவா என்று எழுது.

பஞ்சாலை எரிகிற காட்சியில் என் பக்கத்து நாற்காலியின் கையை நான் பிய்த்திருப்பேன். விளக்கை எறிந்தது தன் சொந்தச் சித்தப்பாதான் என்று அந்தச் சின்னப் பெண் பார்த்துவிடுகிறாளே, பார்த்தவள் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் கோழிக்கூண்டுக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்திருக்கிறாளே, அந்தக் குழந்தை முகத்தைப் பார்த்து வெள்ளைக்காரிகளே மூக்கை உறிஞ்சினார்கள். பிறகு ஓடக்காரனாக வருகிற உன் மேல் பழி. கோர்ட்டில் வக்கீல் உன்னை முதல் கேள்வி கேட்டதும், நீ பதில் சொல்வதற்கு முன்னால் இரண்டு உள்ளங்கையையும் பேண்ட்டில் தேய்த்துத் துடைத்துக்கொண்டாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மில்லில் மேஸ்திரி கூப்பிட்டால் உன் அப்பா அப்படித்தான் துடைத்துக்கொண்டு போய் நிற்பார். நான் திரும்பிப் பார்க்கிறேன், அவர் திரையைப் பார்க்கவில்லை, இருட்டில் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நீ எப்போது இதைக் கவனித்தாய் மகனே, என்ன வயதில் கவனித்தாய்.

அந்தக் குழந்தை சாட்சிக் கூண்டில் ஏறி உண்மையைச் சொன்னாள். சொல்லியும் ஜூரி ஆட்கள் நகத்தைப் பார்த்துக்கொண்டு, குற்றவாளி என்று சொல்லிவிட்டார்கள். நீ அப்படியே நிற்கிறாய். அப்போது எனக்குப் பக்கத்தில் நாற்காலி டப்பென்று மடிந்தது. உன் அப்பா எழுந்து நிற்கிறார். முழங்கால் வலி உள்ள மனுஷன், வெள்ளைக்காரக் கூட்டத்துக்கு நடுவில், நேராக நிமிர்ந்து நின்று, திரையைப் பார்த்து, "அவன் அதைச் செய்யல" என்கிறார். கத்தவில்லை, சாப்பாட்டு மேஜையில் சொல்கிற மாதிரிதான் சொன்னார், ஆனால் எல்லாக் காதிலும் விழுந்தது. பின்னால் கதவு பக்கம் துணை ஷெரிஃபின் பூட்ஸ் சத்தம் நடக்க ஆரம்பித்தது. போதகர் கண்ணை மூடிவிட்டார். நான் உன் அப்பா கோட்டைப் பிடித்து இழுக்கிறேன், மரம் மாதிரி நிற்கிறார். "இந்தக் குழந்தை சொல்லுதே, அவன் செய்யலன்னு" என்று இன்னொரு தடவை சொன்னார். பூட்ஸ் சத்தம் எங்கள் வரிசை வரைக்கும் வந்து நின்றுவிட்டது. அந்த நேரம் பார்த்து மேல்மாடி இருட்டிலிருந்து பெர்லீன் அக்கா, "ஏ அமோஸ், எங்களுக்கும் தெரியும் அவன் செய்யலன்னு, உக்காருய்யா, மறைக்குது" என்று குரல் கொடுத்தாள். மேல்மாடி முழுக்கச் சிரிப்பு. அது கீழே இறங்கி வந்தது, முன்வரிசையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தோள் குலுங்கச் சிரித்தார், அவர் மனைவி அவரை இடித்தாள், பிறகு அவளும் சிரித்துவிட்டாள். சிரிக்கிற கூட்டத்துக்கு நடுவில் ஒரு ஆளைப் பிடித்து இழுத்துப் போக அந்தத் துணை ஷெரிஃபுக்குத் தோன்றவில்லை, கொஞ்ச நேரம் நின்றார், போய்விட்டார். உன் அப்பா உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் கை என் கைமேல் இருந்தது.

இதற்கு விலை கொடுக்காமல் இல்லை, உனக்கு மறைக்க மாட்டேன். நேற்றுக் காலை மில்லில் மேஸ்திரி, "டேய் அமோஸ், சினிமாவுல பிரசங்கம் பண்றியாமே, வீட்டுக்குப் போய் அங்கேயே பண்ணு, கூப்பிடறப்ப வா" என்று அனுப்பிவிட்டார். கூப்பிடுவாரா தெரியாது. போதகர் அடுத்த ஊர் மரப்பட்டறையில் சொல்லி வைத்திருக்கிறார், பள்ளிக்கூடச் சமையலறையில் என் வேலை இருக்கிறது, நீ அங்கே உட்கார்ந்து கவலைப்பட்டு வேலையில் தப்புச் செய்யாதே. உன் அப்பாவும் அப்படியொன்றும் இடிந்து போய்விடவில்லை, காலையிலிருந்து வெர்லீனுக்குத் தொட்டில் இழைத்துக்கொண்டிருக்கிறார்.

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இனிமேல்தான். படம் முடிந்து வெளியே வெயிலுக்கு வந்து நிற்கிறோம், மேல்மாடி ஜனம் சந்திலிருந்து வந்து எங்களைச் சுற்றிக்கொண்டது. கூட்டத்துக்குள் ஒரு வெள்ளைக்காரச் சின்னப் பெண் நுழைந்து வந்தாள், முன்பல் இரண்டும் இல்லை, அழுது முகமெல்லாம் சிவந்திருந்தது. வந்து உன் அப்பாவை அண்ணாந்து பார்த்து, "படத்துல வந்தது நீங்களா" என்று கேட்டாள். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு குனிந்தார். "இல்லம்மா, எனக்கு வயசாயிடுச்சு பாரு. அது என் மகன்" என்றார். அந்தத் தெருவில், அவ்வளவு பேர் காதில் விழ, அது என் மகன் என்றார் ரோஸ்கோ. அவள் விடவில்லை, "அவரை ஜெயில்ல இருந்து விட்டுட்டாங்களா" என்றாள். உன் அப்பா யோசித்தார், அது சும்மா கதை என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "விட்டுட்டாங்கம்மா" என்றார், "நீ சாட்சி சொன்னியே, அதுக்கப்புறம் விடாம இருப்பாங்களா" என்றார். நான் சொல்லவே இல்லையே, அந்தப் படத்துப் பெண்தானே சொன்னாள் என்று குழந்தை குழம்பினாள். "உன்னைக் கேட்டா சொல்வியா" என்றார். சொல்வேன் என்றாள். அதற்குள் அவள் அம்மா வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள், எங்களைத் திட்டவும் இல்லை, முகம் கொடுக்கவும் இல்லை. தெருமுனை வரைக்கும் அந்தக் குழந்தை பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் நடந்தது.

ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, எந்தக் கூண்டில் நின்றாலும் உன் பக்கத்தில் நிற்பாராக. ஞாயிறு தவறாமல் சபைக்குப் போ, ராத்திரி கண் விழித்துப் பட வசனம் படிக்காதே, பீச் ஜாடி அனுப்புகிறேன், கூட இருக்கிறவர்களுக்கும் கொடு. அடுத்த முறை உன்னை ஜெயிலுக்கு அனுப்புகிற படமாக இருந்தால் எனக்கு முன்கூட்டியே எழுதிவிடு, உன் அப்பாவை ஓரத்து நாற்காலியில் உட்கார வைக்கிறேன், எழுந்தாலும் யாருக்கும் மறைக்காது.

உன்னைப் பெற்ற மகிழ்ச்சியில் இருக்கும்,
அம்மா
லவீனியா டாலிவர்