பிலிமத்தலாவையில் ஒரு பேஸ் கிட்டார்

ஜூன் 11, புதன்

காலையிலிருந்து தூறல். பள்ளிக்கூடத்துக்குக் கட்டுகிற சேலை இரண்டும் காயவில்லை. ஈரத்தோடேயே போனேன்.

இடைவேளையில் போனில் ஒரு விளம்பரம். பிலிமத்தலாவை, பழைய தளபாடக் கடை. ‘அந்தக் கால அமெரிக்க பேஸ் கிட்டார். ஒரிஜினல்.’ நான்கு படங்கள். மூன்றாவதில் கை நின்றுவிட்டது. கிட்டாரின் தலைப்பக்கம், கம்பி முறுக்குகிற ஆணிகளுக்கு நடுவில், வட்டமாக ஒரு மஞ்சள் கறை. நடுவில் சிவப்பு.

சந்தனம், குங்குமம். என் புருஷன் சேகர் தன் பேஸ் கிட்டாருக்கு ஒவ்வொரு சரஸ்வதி பூஜைக்கும் வைப்பார். துடைக்கப் போனால் சண்டை. “அத அழிச்சா எனக்குக் கையே வராது, விடுடி.”

பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற வருஷம் கல்யாண வீடுகளில் பாட்டு நின்றது. அவர் வாசித்த பாண்டும் கலைந்தது. யாரோ ஒரு தரகரிடம் கிட்டாரை விற்றுவிட்டு வந்தார். “வயித்துக்கு முன்னால வாத்தியம் என்ன?” என்று சிரிப்பு வேறு. போன வருஷம் நெஞ்சு வலிக்கிறது என்று பஸ்ஸில் உட்கார்ந்த மனுஷன், இறங்கவே இல்லை.

இது அவருடையதுதான். எனக்குத் தெரியாதா?

பத்தாம் வகுப்பில் அப்புறம் என்ன நடத்தினேன் என்று ஞாபகமில்லை.

ஜூன் 12, வியாழன்

நஸீர் நானாவுக்கு போன். சேகரோடு அதே பாண்டில் லீட் கிட்டார் வாசித்தவர்.

“படத்தப் பாத்து நம்பாதீங்க தங்கச்சி. கழுத்தக் கழட்டிப் பாக்கோணும். புதுசச் செஞ்சி பழசு எண்டு விக்கிற ஆக்கள் இரிக்கி.”

“ஒரிஜினலா இல்லையாங்கிறது எனக்கு வேணாம் நானா. அவரோடதா இல்லையான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க.”

“சனிக்கெழம போவோம்.”

சனிக்கு: குடை, டோர்ச், நானாவுக்கு வடை. காசுக்குக் கவலையில்லை, சீட்டுப் பணம் எடுத்தாயிற்று.

அலுமாரி மேலே கிடந்த வெறும் கிட்டார் பெட்டியை இறக்கித் துடைத்தேன். பைத்தியக்காரி. பிள்ளை பிறக்கும் முன்னால் பெயர் வைக்கிறேன்.

ஜூன் 14, சனி

குண்டசாலையிலிருந்து கண்டி, அங்கிருந்து அடுத்த பஸ். பேராதனையில் ஒரே நெரிசல். நானாவின் சட்டைப் பையில் திருப்புளி.

கடைக்கார ஹாஜியார் நல்ல மனிதர். “வாங்கோ, இரிங்கோ, பிளேன்டீ குடிப்போமா?” கிட்டார் ஒரு சாய்வுக் கதிரையில் கிடந்தது. திருப்பிப் பார்த்தேன். முதுகில் பெல்ட் கொளுக்கி உரசிய கீறல்கள். இதற்காக எத்தனை தரம் திட்டியிருப்பேன்!

நானா கழுத்தைக் கழற்றினார். அடியில் மங்கலாக, பென்சிலில் எழுதிய பழைய கம்பனித் தேதி. தலையாட்டினார். பிறகு முன் தகட்டைத் திறந்து டோர்ச் அடித்தார். ரொம்ப நேரம் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“தங்கச்சி, இந்த ஈயத்தப் பாருங்க. வயர் ஒட்டின எடம் ஒண்டுலயும் வேற கை படல்ல. கம்பனில வெச்ச மாதிரியே இரிக்கி.”

“நான் சொன்னேன்தானே, அசல் எண்டு!” ஹாஜியாருக்கு வாயெல்லாம் பல்.

எனக்கு விளங்கிவிட்டது. சேகர் மாதம் தவறாமல் கிட்டாரைத் திறந்து வயரைப் பிடுங்கி ஒட்டுவார். சமையலறை மேசையில் ஈயம் சிந்திய தழும்புகள் இன்னும் இருக்கின்றன. அவருடைய கிட்டாருக்குள் அவர் கை படாத இடமே கிடையாது.

“அப்ப இந்தப் பொட்டு?” ஹாஜியாரைக் கேட்டேன்.

“அது புசல்லாவப் பக்கம் ஒரு வீட்டுல எடுத்த சாமான், மிஸ். அந்த மனுசனும் திருவிழாவுக்கு வாசிச்ச ஆளாம். தமிழ் ஆக்கள்ட ஆர்மோனியம், தபேலா எல்லாத்துலயும் பொட்டு இரிக்கும்தானே.”

அடி மடச்சி! என் தையல் மெஷினில் பொட்டு. கிரைண்டரில் பொட்டு. தோட்டத்து லொறியிலும் பொட்டு. ஊரே வைக்கிற பொட்டை என் புருஷனின் அடையாளம் என்று நம்பி வந்திருக்கிறேன்.

நானா எல்லாவற்றையும் பூட்டி, கடையிலிருந்த ஸ்பீக்கரில் கொடுத்து, ஒரு சுரத்தைத் தட்டினார். சத்தம் தரை வழியாக என் காலுக்குள் ஏறியது. சேகருடையது இப்படிப் பேசியதே இல்லை. அதில் எப்போதும் ஒரு இரைச்சல்.

“நல்ல சாமான் தங்கச்சி. ஒங்களுக்கு வேணாமெண்டா நான் எடுக்கவா?”

“எடுங்க நானா. அவரோடது இல்ல.” சொல்லும்போதே உடைந்துவிட்டேன். விலைச்சீட்டு ஒட்டிய கதிரையில் உட்கார்ந்து, செத்த வீட்டில் அழாத அழுகையெல்லாம் அங்கே அழுதேன். ஹாஜியார் ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்தார்.

ஜூன் 15, ஞாயிறு

வெயில். துணி காய்ந்தது. விடைத்தாள் திருத்த உட்கார்ந்தேன், ஓடவில்லை.

நேற்றுக் கேட்ட சத்தம் காதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. சேகருடைய சத்தத்தை நினைத்துப் பார்க்கிறேன். வரவில்லை. அந்த இரைச்சலுக்குக் கீழே என்ன இருந்தது? எத்தனை வருஷம் பக்கத்தில் இருந்து கேட்டேன்! இப்போது எதை நினைத்தாலும் பிலிமத்தலாவைதான் கேட்கிறது. ஏன் போய்த் தொலைந்தேன்?

போனில் பழைய கல்யாண வீடியோக்கள் கிடந்தன. ஒவ்வொன்றாகப் போட்டேன். பாட்டு கேட்கிறது, ட்ரம் கேட்கிறது, நானாவின் லீட் கேட்கிறது. இந்தக் குட்டி போனில் பேஸின் கனத்த அடிச்சத்தம் மட்டும் வருவதில்லை. காதோடு வைத்து அழுத்தினேன், வலிக்கிற வரைக்கும். அவர் ஓரத்தில் நிற்கிறார், விரல் அசைகிறது, யாரையோ பார்த்துச் சிரிக்கிறார், ஒன்றும் கேட்கவில்லை.