பாறைக்குழித் தண்ணீரை இறைத்த ஐந்து நாட்கள் பற்றி

அனுப்புநர்
எ. கிருபா (வயது 36),
கணவர் பெயர்: (மறைந்த) சா. எழில்,
4/117, சர்ச் வீதி,
கணபதி, கோயம்புத்தூர்.

பெறுநர்
உயர்திரு வருவாய் கோட்டாட்சியர் அவர்கள்,
கோட்டாட்சியர் அலுவலகம்,
வெள்ளைக்கரடு.

பொருள்: பேரிடர் மீட்பு – பூசாரிவலசு கல்குவாரி விபத்து – இடத்துக்குப் பொருந்தாத பம்புகளால் மீட்புப் பணி தாமதமானது – இனி நீர் இறைக்கும் பணிகளுக்குப் பம்பு தேர்வு செய்ய வழிமுறை வகுக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 21.10.2024 அன்று நிகழ்ந்த மேற்படி விபத்து.

மதிப்பிற்குரிய கோட்டாட்சியர் ஐயா அவர்களுக்கு,

1. மேற்படி விபத்தில் இறந்த பொக்லைன் ஓட்டுநர் எழிலின் மனைவி நான். குவாரியின் நடுச்சுவர் உடைந்தது யாருடைய தவறு என்பதை நீதிமன்றம் விசாரித்து வருகிறது. அதைப் பற்றி இந்த மனுவில் நான் எதுவும் கேட்கவில்லை. உதவித்தொகை கேட்டும் எழுதவில்லை. என் கணவரின் உடலை எடுப்பதற்காகத் தண்ணீர் இறைத்த நாட்களைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன். அப்போது தாங்கள் இந்தப் பொறுப்பில் இல்லை என்பதால், நடந்ததை முதலிலிருந்து சொல்ல வேண்டியுள்ளது. சற்று நீண்டுவிட்டால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

2. கோவையில் ஒரு பம்பு தொழிற்சாலையில் பதினோரு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். செய்து முடித்த ஒவ்வொரு பம்பையும் சோதனைத் தொட்டியில் ஓட்டி, எத்தனை மீட்டர் உயரத்துக்கு எத்தனை லிட்டர் தள்ளுகிறது, எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று குறித்துக் கொடுப்பது என் வேலை. நான் பொறியாளர் அல்ல. பிளஸ் டூ வரை படித்தவள். ஆனால் ஒரு பம்பைப் பார்த்தால் அது எந்த வேலைக்குச் செய்யப்பட்டது என்று எனக்குத் தெரியும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் வரப்போவதற்கு இது தேவைப்படுகிறது.

3. பூசாரிவலசில் இரண்டு குழிகள் உண்டு. கைவிடப்பட்ட பழைய பாறைக்குழியில் பல ஆண்டு மழைநீர் தேங்கியிருந்தது. அதற்கும் வேலை நடந்த புதுக்குழிக்கும் நடுவில் விடப்பட்டிருந்த பாறைச்சுவர் 21.10.2024 திங்கட்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு உடைந்தது. கால் மணி நேரத்துக்குள் இரண்டு குழிகளிலும் தண்ணீர் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டது. கீழே இருந்த நால்வரில் மூவர் லாரிப் பாதையில் ஓடி ஏறிவிட்டார்கள். என் கணவர் பொக்லைனின் ஓட்டுநர் அறைக்குள் இருந்தார். தீயணைப்பு வீரர்கள் அன்று மாலையும் மறுநாள் காலையும் மூழ்கித் தேடினார்கள். கல் மாவு கலந்த தண்ணீர் மோர் போல இருந்ததாகவும், நீட்டிய கை தங்களுக்கே தெரியவில்லை என்றும் சொன்னார்கள். தங்களால் முடிந்த எல்லாவற்றையும் அவர்கள் செய்தார்கள். செவ்வாய் காலை ஒன்பது மணிக்கு, தண்ணீரை இறைத்த பிறகுதான் தேட முடியும் என்று முடிவானது.

4. முதலில் வந்தது ஒரு போர்வெல் மோட்டார். பக்கத்துத் தோட்டக்காரர் திருமூர்த்தி என்பவர், யாரும் கேட்காமலே, தன்னுடைய அறுநூற்றைம்பது அடி போர்வெல்லிலிருந்து பதினைந்து எச்.பி. மோட்டாரை இரவோடு இரவாகக் கழற்றிக் கொண்டுவந்தார். அவருடைய மக்காச்சோளம் பூவெடுத்திருந்த சமயம் அது. ஒரு தண்ணீர் தவறினாலும் மணி பிடிக்காது என்று தெரிந்தேதான் கொடுத்தார். என் மாமியார் கையெடுத்துக் கும்பிட்டபோது, "எச்.பி. பெருசுங்க, நாளைக்குள்ள வத்திப்போயிருமுங்க" என்று தேற்றினார். அவரை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மோட்டார் மிக ஆழத்திலிருந்து கொஞ்சம் தண்ணீரை மேலே தள்ளுவதற்காகச் செய்யப்பட்டது. இங்கே தேவைப்பட்டதோ, குறைந்த உயரத்துக்கு ஏராளமான தண்ணீரைத் தள்ளும் பம்பு. இரண்டுக்கும் எச்.பி. ஒன்றாக இருக்கலாம். வேலை ஒன்றல்ல.

5. இந்த இடத்தில் என் மீதே ஒரு புகாரைப் பதிவு செய்ய விரும்புகிறேன். அந்த மோட்டாரைக் குழிக்குள் இறக்கியபோது, இது ஆகாது என்று எனக்குத் தெரிந்தது. நான் வாய் திறக்கவில்லை. செய்தி கேட்டுத் திங்கள் இரவே கோவையிலிருந்து வந்திருந்த நான், குழிக்குப் பக்கத்தில் போட்டிருந்த பந்தலின் ஓரத்தில் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். பெரிய அதிகாரிகள் இருக்கும் இடத்தில் நாம் என்ன சொல்வது என்ற தயக்கம் ஒரு காரணம். அது பாதி உண்மைதான். எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, பம்பு மணிக்கு எவ்வளவு தள்ளும் என்று கணக்குப் போட்டால், எத்தனை மணி நேரம் ஆகும் என்று விடை வந்துவிடும். அத்தனை மணி நேரம் தண்ணீருக்கடியில் ஒருவர் உயிரோடு இருக்க முடியாது. அந்தக் கணக்கைப் போடாமல் இருக்கும்வரை அவர் உள்ளே எங்கோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அதனால் ஒரு பகல் முழுவதும் நான் கணக்குப் போடவில்லை. அன்று பிற்பகல் அந்த மோட்டார் சேறு பிடித்து நின்றுபோனது.

6. புதன்கிழமை காலை முகம் கழுவுவதற்காகக் குழியின் மறுபுறம் போனேன். முந்தின நாள் இறைத்த தண்ணீர் விடப்பட்ட இடத்தைப் பார்த்தேன். குழாயின் வாய் குழியிலிருந்து நூறடி தள்ளித்தான் இருந்தது. தரை பழைய பாறைக்குழிப் பக்கம் சரிந்திருந்தது. வெளியே விட்ட தண்ணீரெல்லாம் பாறையின் மேல் ஓடிய தடம் தெரிந்தது. அது மறுபடி குழிக்குள்ளேயே போய் விழுந்திருந்தது. அங்கேயே நின்று கணக்குப் போட்டேன். முந்தின நாள் குழிகளை அளக்க வந்த நில அளவையர் சொன்ன அளவுகளின்படி, இரண்டு குழிகளிலும் சேர்ந்து ஒரு கோடியே எண்பது லட்சம் லிட்டர். அந்த மோட்டார் தள்ளியது மணிக்குப் பதினெட்டாயிரம். ஒரு சொட்டு திரும்பாமல் இருந்தாலும் ஆயிரம் மணி நேரம், அதாவது நாற்பத்தொரு நாளுக்கும் மேல். என் கணவர் இறந்துவிட்டார் என்று எனக்கு நானே ஒப்புக்கொண்டது அந்த இடத்தில்தான். யாரும் வந்து சொல்லவில்லை.

7. நான் திரும்பி வந்தபோது, நான்கு டீசல் என்ஜின் பம்புகளைக் குழியின் விளிம்பில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் விளிம்புக்கு அறுபத்தைந்து அடி கீழே இருந்தது. மேலே நிற்கும் பம்பு எத்தனை பெரியதானாலும் இருபது, இருபத்தைந்து அடிக்குக் கீழே உள்ள தண்ணீரை உறிஞ்ச முடியாது. இது பம்பின் குறை அல்ல. உறிஞ்சுகுழாயில் தண்ணீரை மேலே ஏற்றுவது வெளிக்காற்றின் அழுத்தம். அதன் வலு அவ்வளவுதான். பணியை மேற்பார்வையிட்ட அலுவலர் ஒருவரிடம் போய், "சார், மேல இருந்து உறிஞ்சாதுங்க. பம்பு தண்ணிக்குள்ள இறங்கோணுங்க" என்றேன். அவர் கோபப்படவில்லை. மிகவும் கனிவாகத்தான் பதில் சொன்னார்: "அம்மணி, துக்கத்துல இருக்கறீங்க. போயி உக்காருங்க. இதெல்லாம் தெரிஞ்சவங்க பாத்துக்குவாங்க."

8. நான் போய் உட்கார்ந்தேன். அன்று மாலை ஆறு மணி வரை நான்கு பம்புகளுக்கும் மாறி மாறிக் குடத்தில் தண்ணீர் ஊற்றிக் காற்றை வெளியேற்றப் பார்த்தார்கள். உறிஞ்சுகுழாயின் அடிமுனையில் இருக்கும் ஃபுட்வால்வைக் கழற்றி மாட்டினார்கள். ஒரு குடம் தண்ணீர்கூட மேலே வரவில்லை. ஐயா, அவர் என்னைத் திட்டியிருந்தால் திரும்பப் பேசியிருப்பேன். இரக்கப்பட்டவரிடம் எப்படி வாதாடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

9. வியாழக்கிழமை, ஒரு சாயப்பட்டறையிலிருந்து தண்ணீருக்குள்ளேயே மூழ்கி ஓடும் கிணற்று மோட்டார்கள் இரண்டை வரவழைத்து, டிரம்களில் கட்டி மிதக்கவிட்டார்கள். நல்ல யோசனை. தண்ணீர் கொட்டிய வேகத்தைப் பார்த்து, இது போதும் என்று நானும் நினைத்தேன். ஆறு மணி நேரத்தில் மட்டம் ஒன்றேகால் அடி இறங்கியது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக இரண்டும் நின்றன. உள்ளே சுழலும் இம்பெல்லரின் குறுகிய வழிகளில் கல் மாவு சிமெண்ட் போல இறுகியிருந்தது. பதினோரு ஆண்டுகளாகச் சோதனைத் தொட்டியின் சுத்தமான நீரையே பார்த்தவள் நான். நானும் இதை யோசிக்கவில்லை என்பதை மறைக்க மாட்டேன்.

10. அதன் பிறகே எங்கள் தொழிற்சாலைப் பொறியாளர் மானசா அவர்களைத் தொலைபேசியில் அழைத்தேன். செவ்வாயன்றே அழைத்திருக்க வேண்டும். அவர் ஆறுதல் சொல்லி நேரம் போக்கவில்லை. "தண்ணியில என்ன கலந்திருக்கு, கிருபா?" என்று முதலில் கேட்டார். பதிலைக் கேட்டதும், சிங்காநல்லூரில் பம்புகளை வாடகைக்கு விடும் ரசாக் என்பவரின் எண்ணைக் கொடுத்தார். கட்டட அடித்தளங்களில் ஊறும் சேற்று நீரை இறைப்பதே ரசாக்கின் தொழில். அவரும் கேள்விகள்தான் கேட்டார். மொத்தம் எவ்வளவு தண்ணீர், எத்தனை அடி மேலே ஏற்ற வேண்டும், எவ்வளவு தூரம் தள்ளிக் கொண்டுபோய் விட வேண்டும், மணலா மாவா, மின்சாரத்துக்கு என்ன வழி. பதில் சொல்லும்போது என் குரல் உடைந்தது. பக்கத்தில் நின்ற தீயணைப்பு நிலைய அலுவலர் என் கையிலிருந்து கைப்பேசியை வாங்கி, மீதிக் கேள்விகளுக்கு அவரே பதில் சொன்னார். மூன்று நாட்களில் அங்கே இருந்த அலுவலர்களில் என் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டவர் அவர் ஒருவரே.

11. வெள்ளிக்கிழமை நண்பகலில் சேற்று நீருக்கான முப்பது எச்.பி. பம்புகள் இரண்டு, ஆறு அங்குலக் குழாய்கள், ஜெனரேட்டர் எல்லாம் ஒரே லாரியில் வந்தன. கிரேனில் சங்கிலி கட்டிப் பம்புகளைத் தண்ணீருக்குள் இறக்கினார்கள். குழாயின் வாயை எதிர்ச்சரிவில் இருந்த ஓடைவரை கொண்டுபோனார்கள். இரண்டு பம்புகளும் மணிக்கு மூன்று லட்சத்து இருபதாயிரம் லிட்டர் தள்ளின. ஞாயிறு விடியும்போது பொக்லைனின் அறை வெளியே தெரிந்தது. குழாயைச் சுருட்டும்போது ரசாக் என்னிடம் வந்து, தலை நிமிராமல், "இந்த ரெண்டும் எங்க யார்டுல மூணு வாரமா சும்மா கெடந்துச்சுங்கம்மா" என்றார். சிங்காநல்லூர் அந்தக் குவாரியிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம்.

12. செவ்வாயன்று அவை வந்திருந்தால் என் கணவர் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. அவர் திங்கட்கிழமையே இறந்துவிட்டார் என்று பிரேதப் பரிசோதனை சொல்கிறது. வியாழக்கிழமை அவரை எடுத்திருக்கலாம் என்று மட்டுமே சொல்கிறேன். மூன்று நாட்களில் என்ன பெரிய வித்தியாசம் என்று தாங்கள் கேட்கலாம். முகம்தான் வித்தியாசம். பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். சட்டைத் துணியையும் இடது கை மோதிரத்தையும் பார்த்து நான் கையொப்பமிட்டேன். எங்கள் மகள் மௌனிகாவுக்கு ஒன்பது வயது. தாடி குத்துகிறது என்று அவள் சொல்வாள் என்பதால், வாரம் முழுவதும் குவாரியில் தங்கிவிட்டு, சனிக்கிழமைதோறும் வீட்டுக்கு வரும் வழியில் காங்கேயத்தில் சவரம் செய்துகொண்டுதான் அவர் கோவை பஸ் ஏறுவார். மூடிய பெட்டியை அவள் நம்பவில்லை. அப்பா வேறு குவாரிக்கு வேலைக்குப் போயிருக்கிறார், அங்கே போன் எடுக்காது என்று ஆறு மாதமாகப் பள்ளியில் சொல்லி வருகிறாள். அவளிடம் அப்படியில்லை என்று சொல்ல என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை.

13. அந்த ஐந்து நாட்களில் யாரும் சும்மா இருக்கவில்லை. அலுவலர்கள் வீட்டுக்குப் போகவில்லை. ஊர்க்காரர்கள் சோறாக்கிப் போட்டார்கள். திருமூர்த்தி அவர்களின் மக்காச்சோளம் அந்த ஆண்டு பாதிக்கு மேல் மணி பிடிக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். இத்தனை உழைப்பும் தவறான பம்பின் மேல் கொட்டப்பட்டது என்பதே என் குறை. ஆகவே யார் மீதும் நடவடிக்கை கோரவில்லை. தங்கள் கோட்டத்தில் தண்ணீர் தேங்கிய பாறைக்குழிகள் பதினான்கு உள்ளதாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எனக்குப் பதில் வந்திருக்கிறது. ஆடு மேய்ப்பவர்கள் அங்கே இறங்குகிறார்கள், பிள்ளைகள் குளிக்கிறார்கள். மழைக்காலம் தொடங்க இன்னும் மூன்று வாரமே இருக்கிறது.

14. எனவே, சேற்று நீர் பம்புகளை வாடகைக்குத் தருபவர்களின் பெயரும் எண்ணும் கொண்ட பட்டியல் ஒன்றை ஒவ்வொரு வட்டாட்சியர் அலுவலகத்திலும் தீயணைப்பு நிலையத்திலும் வைத்திருக்க உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பம்பு வரவழைப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளை மானசா, ரசாக் இருவரின் உதவியோடு ஒரே தாளில் எழுதி இத்துடன் இணைத்துள்ளேன். எச்.பி. எவ்வளவு என்பது அதில் கடைசிக்கு முந்தின கேள்வியாகத்தான் வரும். இறைத்த தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று நடந்துபோய்ப் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்திருக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளலாம். தேவைப்பட்டால் நானே விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, தங்கள் அலுவலர்களுக்கு ஒரு பம்பை ஓட்டிக் காட்டி விளக்கத் தயாராக இருக்கிறேன்.

15. அந்தத் தாளின் கடைசி வரியை மட்டும் எவரும் நீக்கிவிடக் கூடாது என்று தங்களைப் பணிந்து வேண்டுகிறேன். அது பம்பைப் பற்றியது அல்ல. "இங்கே கூடியிருப்பவர்களில் பம்பு வேலை தெரிந்தவர் யாராவது உண்டா என்று உரக்கக் கேட்கவும். பெண்கள் உட்கார்ந்திருக்கும் பக்கமும் போய்க் கேட்கவும்."

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,

(ஒப்பம்)
எ. கிருபா

இடம்: வெள்ளைக்கரடு
நாள்: 12.05.2025

இணைப்பு: கேள்வித் தாள் – ஒன்று.