பட்டியலில் ஏறாத ஒட்டுப்புல்

டேராடூன்,
நவம்பர் 1956

அன்புள்ள பங்கஜாட்சிக்கு,

நீயும் அம்மையும் சுகம்தானே? எனக்கு இருமல் குறைந்துவிட்டது.

நீ அனுப்பிய என் பழைய வேட்டியின் கரையில் ஒட்டுப்புல் விதைகள் இருந்தன. உன் தம்பி சுயம்பு என்னைக் கேளாமல் அதை உடுத்திக்கொண்டு நம் காவின் மரங்களுக்குள் போயிருக்கிறான். இருக்கட்டும். மரநிழலில் மட்டும் வளரும் அந்தப் புல் எங்கெங்கே உண்டு என்றுதான் இங்கே வன ஆராய்ச்சி ஆபீசில் இப்போது பட்டியல் போடுகிறோம். காடில்லாத ஊரில் காட்டுப்புல் ஏது என்று, நான் எழுதிய நம் செங்கல் ஊரை மேலதிகாரி அடித்துவிட்டார். திருவனந்தபுரத்துக்காரர். விதைகளைக் காட்டினேன்.

“நெய்யாற்றின்கரை கிட்டியில்லல்லோ. இனி புல்லினை மெட்ராஸில் சேர்க்கணோ, சாரே?” என்று, நம் தாலூகா மெட்ராஸுக்குக் கிடைக்காமல் கேரளத்தோடு போனதைக் குத்திச் சிரித்தார்.

“சேக்கண்டாம் சார். அது நிக்கிய எடத்தை எழுதினா போதும்” என்றேன்.

விதை துணி போன வழியைத்தான் காட்டும், புல் முளைத்த இடத்தை அல்ல என்றார். அது நியாயம்தான், அதனாலேயே மனம் இன்னும் ஆறவில்லை. நம் தாலூகாவைக் கைவிட்டவர்களை நான் மன்னிக்கப் போவதில்லை. செங்கலைப் பட்டியலில் ஏற்றாமல் விடவும் போவதில்லை.

சுயம்பு அந்தப் புல்லை வேரோடும் பூவோடும் பிடுங்கி, பத்திரிகைத் தாளில் அழுத்திக் காயவைத்து அனுப்பட்டும். அதுவரை காவில் அடிக்காடு வெட்ட வேண்டாம். கொஞ்சம் நல்லமிளகும் வை.

பிடுங்கப் போகும்போது என் இன்னொரு வேட்டியையே அவன் உடுத்தட்டும். அதைத் துவைக்காமல் அனுப்பு. அதில் ஒட்டியிருப்பதை ஆபீசில் காட்ட மாட்டேன்.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டான்.

ராஜப்பன்