முகவரிப் புத்தகத்தில் சாயங்காலக்காரர்

மார்ச் 4, செவ்வாய்
பல் கிளினிக் கம்ப்யூட்டரில் மெயில் முகவரிப் புத்தகத்தை ஒழுங்கு செய்யும் வேலை முடிந்தபாடில்லை. ஒரே ஆள் மூன்று இடத்தில் இருக்கிறார். ஒரு காண்டாக்டுக்குப் பெயரே இல்லை, வெறும் "கடைவாய்ப்பல்". யாருடையது? எனக்கு முன்னால் இருந்த புண்ணியவதிக்குத்தான் வெளிச்சம்.

சாயங்கால வேலைக்கு ஒருவர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். நான் ஒரு மணிக்குக் கிளம்பினால் அவர் நாலு மணிக்கு வருகிறார். பார்த்ததில்லை. இருவருக்கும் ஒரே நாற்காலி, ஒரே கம்ப்யூட்டர், ஒரே முகவரிப் புத்தகம்.

மார்ச் 6
கடைவாய்ப்பலைத் திறந்தால், கீழே குறிப்புக் கட்டத்தில்: "மேடம், இவர் தையல்கடைக்காரர். போன் பண்ணிக் கேட்டுட்டேன். பல் இப்போ பரவாயில்லையாம். - சாயங்காலம்."

சிரித்துவிட்டேன். அதன் கீழேயே "நன்றி சார். - காலை" என்று போட்டேன்.

மார்ச் 14
நோயாளிகளைப் பற்றித்தான் ஆரம்பித்தோம். "ஊசியைப் பார்த்தா மயங்கிடுவார், பக்கத்துல நில்லுங்க." அப்புறம், "மேஜை டிராயர் கையோட வந்துடும், பார்த்து." இன்று தையல்கடைக்காரருக்குக் கீழே: "உங்க குரல் எப்படி இருக்கும்னு யோசிச்சேன். தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? இந்த வயதில் என் குரலைப் பற்றி யோசிக்க ஒரு ஆள்.

மார்ச் 21
அண்ணி கேட்டார், "என்ன, ஞாயித்துக்கிழமையும் வேலைக்குக் கிளம்பிடுவ போலிருக்கு?"

மார்ச் 26
மானம் போச்சு.

தையல்கடைக்காரருக்கு மறுபடி வலி. பெரிய ஆஸ்பத்திரி சர்ஜனுக்கு அவர் விவரத்தை அனுப்பச் சொன்னார் டாக்டரம்மா. டைப் அடிக்கச் சோம்பல். காண்டாக்டை அப்படியே மெயிலில் இணைத்துத் தள்ளிவிட்டேன். குறிப்பும் கூடவே போகும்னு யாருக்குத் தெரியும்? சர்ஜனிடமிருந்து டாக்டரம்மாவுக்குப் பதில்: "விவரம் கிடைத்தது. மழை வரும், குடை எடுத்துப் போங்கள் என்று எழுதியிருந்தது. எடுத்துக்கொண்டேன்." குடை நான் சாயங்காலக்காரருக்குச் சொன்னது. அப்படியானால் குரல் விஷயத்தையும் படித்திருப்பார்!

டாக்டரம்மா கத்தியிருந்தால் தேவலை. "குறிப்பு எல்லாத்தையும் அழிச்சிடும்மா. இனிமே அதுல ஒரு எழுத்து இருக்கக் கூடாது. சாயங்காலத்துக்கும் சொல்லிட்டேன். அடுத்த மாசத்துலேர்ந்து சாயங்கால கிளினிக்கே கிடையாது, என்னால முடியல."

அப்போ அவர்? அவர் போன் நம்பர்கூட என்கிட்ட இல்லையே.

மார்ச் 28
ஒவ்வொன்றாகத் திறந்து அழித்தேன். மயக்கம், சர்க்கரை இதையெல்லாம் அவரவர் ஃபைலில் ஏற்றியாயிற்று. மற்றதை எங்கே ஏற்றுவது? "இருமல் குறைஞ்சுதா?" அழி. "நேத்து நீங்க எழுதவே இல்லையே?" அழி. ஒவ்வொரு தடவையும் நிச்சயமா என்று வேறு கேட்கிறது. ஆமா, சனியனே.

மூன்றரை மணிக்குக் கிளினிக் தெருமுனை வரைக்கும் போனேன். திரும்பிட்டேன். நேர்ல பாத்து அவருக்குப் பிடிக்காமப் போச்சுன்னா? எழுத்துல இருக்கிறவ வேற, நான் வேறயா?

மார்ச் 31, திங்கள்
இன்று அவருக்குக் கடைசி நாள். கிளம்புமுன் "புதிய காண்டாக்ட்" அழுத்தினேன். என் பெயர், என் போன், என் சொந்த மெயில். குறிப்புக் கட்டம் காலி. டாக்டரம்மா பேச்சை நான் மீறவில்லை.

ஏப்ரல் 1
ஒன்றும் வரவில்லை.

ஏப்ரல் 3
வந்தது. "குறிப்பு எழுதக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. மெயில் எழுதலாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன். ஞாயித்துக்கிழமை ஒரு காபி குடிக்கலாமா?"

அண்ணி எட்டிப் பார்த்து, "ஐயோ, யாருக்கு என்ன ஆச்சு?" என்றார். நான் அழுதுகொண்டிருந்தேனாம்.

பிப்ரவரி 8, ஞாயிறு
கல்யாணமாகிப் புது வீட்டுக்கு வந்ததிலிருந்து தள்ளிப்போட்ட வேலை. என் சொந்த முகவரிப் புத்தகத்தில் எங்கள் இருவருக்கும் விலாசத்தை மாற்றி, வீட்டு போனைச் சேர்த்தேன். சேமித்ததும் ஒரு கேள்வி வந்து நின்றது: இந்த இரண்டு காண்டாக்டுகளுக்கும் விலாசமும் போனும் ஒன்றே, இரண்டையும் ஒன்றாக்கிவிடவா?

"என்னவாம்?" என்றார், பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்.

"நாம ரெண்டு பேரும் ஒரே ஆளான்னு கேக்குது."

"நீ என்ன சொன்ன?"

"இல்லன்னுட்டேன். ஒரே ஆளாயிட்டா, காலையில எழுந்து நான் யார்கிட்டப் பேசறது?"

அவர் கையிலிருந்த துணியைக் கொடியில் போட்டுவிட்டு ஈரக்கையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.