இரண்டு கட்டை ஏற்றிய பாட்டு

1954, லெந்து தவக்காலம், ஞாயிறு இரவு.

இன்று காலை காக்ஸ் டவுன் கோயிலில் ஜான்சன் பாடினான். என் தங்கை மேரியைக் கைக்குழந்தையோடு விட்டுவிட்டு ஆனேக்கல்லில் வேறொருத்தியுடன் குடித்தனம் நடத்தியவன். போன மாதம் திரும்பி வந்து, "மனந்திரும்பிட்டேன்" என்றான். உடனே கீர்த்தனையில் தனியாகப் பாடும் சரணத்தைப் போதகர் அவனுக்கே கொடுத்துவிட்டார். கிருபை என்பது தகுதியில்லாதவனுக்குக் கிடைப்பது என்று விளக்கம் வேறு. தகுதியுள்ள என் தங்கைக்கு என்ன கிடைக்கும் என்று அவர் சொல்லவில்லை.

ஆர்மோனியம் என் கையில்தானே இருக்கிறது. அவன் ஒத்திகை பார்த்த சுதிக்கு மேலே இரண்டு கட்டை ஏற்றி வாசித்தேன். சபை முன்னால் மானம் போகட்டும் என்றுதான். "மீட்பு" என்ற இடத்தில் எட்ட முடியாமல் குரல் உடைந்தது. கண்ணில் நீர் முட்ட நின்றுவிட்டான்.

சபையே அழுதது. "பாவம், எப்படி உடைஞ்சுட்டாரு பாருங்க!" என்றார் போதகரின் மனைவி. மத்தியானம் மேரி அவனுக்கும் ஒரு தட்டு வைத்தாள்.

"அக்கா, அவரு அழுதாரே, பாத்தியா?"

பார்த்தேன்.

அடுத்த ஞாயிறும் அவன்தான் பாடுகிறான். அவன் குரலுக்குத் தோதான சுதியிலேயே வாசிக்கப் போகிறேன். குரல் உடையாமல் எப்படி மனந்திரும்புகிறான் என்று பார்த்துவிடுகிறேன்.